சூட்டறை

புயல் மாலைக்குள் கரையைத் தொடும் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்ததால், ஜோங்லி கடைத்தெருவில் எல்லோரும் அன்றைக்குப் படையலைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம். ஆவிகளுக்குக் கதவு திறந்துவிடும் மாதம். நடைபாதையில் மடக்கு மேசைகளும் பழத்தட்டுகளும் நனைந்துகொண்டிருந்தன. ஆவிகளுக்காகக் காகிதப் பணம் எரித்த சாம்பல் மழைத்தண்ணீரோடு கலந்து சாக்கடைக்குக் கறுப்பாக ஓடியது.

ஃபான் ஹுய்லான் தன் ஸ்கூட்டரைப் பழைய தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த சந்தில் நிறுத்தினாள். ரயில் நிலையத்தருகே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள் அவள். காலையில் ஒரு பெரியவர் கடைக்குப் போன் செய்திருந்தார்.

"கம்ப்யூட்டர் அணைய மாட்டேங்குது. வந்து பாரு."

"அணையலேன்னா பிளக்கைப் பிடுங்கிவிடுங்க சார். அதுக்கு எதுக்கு ஆளு?" என்று சிரித்தாள் ஹுய்லான்.

மறுமுனையில் பெரியவர் சிரிக்கவில்லை. "வந்து பாருன்னு சொன்னேன்" என்றார்.

எதிர்வீட்டுப் பெண் படையல் மேசையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். கருவிப் பையைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"மேனேஜர் வீட்டுக்கா?"

"ஆமாங்க்கா."

"வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிடும்மா. அந்த மாடி ஜன்னலைத் தொட்டுப் பாரு, அடுப்புப் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும். குளிர்காலத்துல பூனையெல்லாம் அங்கதானே போய்ச் சுருண்டு படுக்கணும்? ஒண்ணுகூட ஏறாது." சொல்லிவிட்டு, அதிகமாகப் பேசிவிட்டவளைப் போல இரும்புக் கதவைக் கீழே இழுத்து விட்டாள்.

கதவைத் திறந்தவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். முடிக்குக் கறுப்புச் சாயம், மடிப்புக் கலையாத சட்டை, விரலில் பச்சைக் கல் மோதிரம். லியாவ் என்று பெயர்ப்பலகை சொன்னது. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்பளப் புள்ளையை அனுப்பியிருக்கானுங்களே."

"யாரும் அனுப்பல சார். கடையே நான்தான்."

"ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னாச்சும் தெரியுமா?"

"கூரான பக்கம் எதிராளியைப் பார்க்கிற மாதிரி பிடிக்கணும் சார்."

அவர் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பாகவும் இருக்கலாம். மாடிப்படி ஏறும்போது அவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஆனால் மேல்படிக்கு வந்ததும் முன்னால் போகாமல் ஒதுங்கி நின்று, அவளை முதலில் போகச் சொன்னார்.

அறையில் ஏ.சி. முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. அப்படியும் அறை வெதுவெதுப்பாக இருந்தது. புழுதி காய்கிற வாசனை. ஈயம் உருகும் வாசனை. அதற்கும் அடியில், வேர்த்து நனைந்த தலைமுடியின் வாசனை.

மூலையில் இருந்தது அந்தக் காலத்து மேசைக் கம்ப்யூட்டர். பால்நிறம் மஞ்சளாகிப்போன நிமிர்ந்த பெட்டி. முகப்பில் சி.டி. தட்டு, அதற்குக் கீழே ஃபிளாப்பி நுழைக்கும் பிளவு. பின்புறம் கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று இரண்டு வட்டக் குழிகள், பிரிண்டருக்கு அகலமான ஒரு வாய். மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தடித்த கண்ணாடி மானிட்டர். நாற்பது ஜி.பி. ஹார்ட் டிஸ்க், இருநூற்றைம்பத்தாறு எம்.பி. ராம் என்று பெட்டியின் நெற்றியில் ஒட்டிய காகிதம் பெருமையடித்தது. இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் இருக்கும் போன்கூட இதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனாலும் ஹுய்லானுக்கு இந்த ரகத்தின் மேல் ஒரு பாசம் உண்டு. அவளுடைய அம்மா இப்படிப்பட்ட பெட்டிகளைத்தான் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"இதை எதுக்கு சார் இன்னும் வச்சிருக்கீங்க?"

"பழைய மாஜோங் விளையாட்டு இதுலதான் ஓடும். பையன் ஷாங்காய்ல இருக்கான். பொழுது போகணுமில்ல?" என்றார் அவர், வாசலிலேயே நின்றபடி. "இந்த மாசம் பொறந்ததுல இருந்து விளையாட விடல. அதுவா அந்தப் பக்கத்துக்குப் போயிடுது."

திரையில் விளையாட்டு இல்லை. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள். கம்ப்யூட்டர் தன் உடம்பைத் தானே சோதித்துக் காட்டும் பக்கம் அது. மின்னழுத்தம், ஃபேன் வேகம், ப்ராசசரின் சூடு. சாதாரணமாக யாரும் பார்க்காத பக்கம்.

ஃபேன் வேகம்: பூஜ்யம்.

சூடு: முப்பத்தேழு.

மனித உடம்பின் சூடு என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து பக்கத் தகட்டைக் கழற்றினாள்.

உள்ளே ஃபேன் நின்றிருந்தது. இறக்கைகளுக்கு நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. மதர்போர்டில் குட்டிக் குட்டி டிரம் போல வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. நல்ல சரக்காக இருந்தால் அவற்றின் தலை தட்டையாக இருக்கும். மட்டமான சரக்கு சூட்டில் உப்பி, தலை பிளந்து, பழுப்பாகக் கசிந்துவிடும். இதில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாமே பிளந்திருந்தன. கசிந்தது காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிருந்தது.

இப்படிப்பட்ட போர்டு ஓடாது.

ஓடிக்கொண்டிருந்தது.

ப்ராசசர் மேல் இருந்த உலோகத் தகட்டை விரல் நுனியால் தொட்டாள். ஃபேன் இல்லாமல் ஓடினால் விரல் பொசுங்கிவிட வேண்டும். பொசுங்கவில்லை. காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொடுவதுபோல் இருந்தது.

"சார், பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தீங்களா?"

கேட்டபடியே அவள் மேசைக்குக் கீழே கைவிட்டு ஒயரைத் தேடினாள். ஒயரின் முனை தரையில் சும்மா கிடந்தது. சுவரில் இருந்த துளைகளில் எதுவுமே செருகியிருக்கவில்லை.

அவள் மெதுவாக எழுந்தாள். அவர் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அதான் வந்து பாருன்னேன்" என்றார்.

அவள் அப்போதே ஓடியிருப்பாள். ஆனால் எழும்போது பெட்டியின் உட்பக்கத் தகட்டில் ஒட்டியிருந்த சோதனைச் சீட்டு கண்ணில் பட்டது. கட்டைவிரல் அகலக் காகிதம். அதில் சிவப்பு மையில் வட்டமாக ஒரு பெயர் முத்திரை. பெங். வட்டத்தின் கீழ் ஓரத்தில் ஒரு சின்ன உடைசல்.

அந்த உடைசலை உண்டாக்கியவள் ஹுய்லான்தான். சின்ன வயதில், அம்மாவின் முத்திரைக் கட்டையை எடுத்துக் கை முழுக்கக் குத்தி விளையாடி, தரையில் போட்டு உடைத்து, அடி வாங்கியிருந்தாள். அம்மாவின் பெயர் பெங் ருன்மெய். இந்தப் பேட்டையில் இருந்த கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் பாஷையில் மகளோடு பேசுவாள். சின்னதாக ஒரு 'டிக்' என்றால் எல்லாம் சரி. நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு என்றால் கண் தெரியவில்லை, அதாவது திரை வரவில்லை. ட்டீ-டூ, ட்டீ-டூ என்று மேலும் கீழுமாக அழுதால் சுடுகிறது, உடனே அணை என்று அர்த்தம். ஹுய்லான் சுடு கஞ்சியை வாயில் வைத்துவிட்டு ட்டீ-டூ என்று கத்துவாள். அம்மா ஓடிவந்து ஊதுவாள்.

பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், தொழிற்சாலையின் ஆண்டு இறுதி விருந்து நடந்த மறுநாள், அம்மாவைச் சூட்டறையில் பிணமாக எடுத்தார்கள். புதிய கம்ப்யூட்டர்களை அடுக்கிவைத்து, சூடேற்றி, தாங்குகிறதா என்று பார்க்கும் அறை அது. வெளியே குளிர் என்று கதகதப்புக்காக உள்ளே போய்த் தூங்கியிருக்கிறாள், ஆள் இருப்பது தெரியாமல் காவலாளி தாழ்ப்பாள் போட்டுவிட்டான் என்று சொன்னார்கள். வேலை நேரத்தில் தூங்கப் போய்ச் செத்தவள். அந்தப் பேச்சு சந்தைக்கு வந்தது, பள்ளிக்கு வந்தது. அப்பா அதற்குப் பிறகு யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை.

"என்ன, அப்படியே நின்னுட்ட?" என்றார் பெரியவர்.

"நீங்க அந்த ஃபேக்டரில மேனேஜரா இருந்தீங்களா சார்?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"இருந்தேனாவா? அந்த ஃபேக்டரியே நான்தான்." அவர் நெஞ்சு சற்று நிமிர்ந்தது. பெருமையில் ஓரடி உள்ளே வந்துவிட்டார். "இந்த லாட்டுல போனதெல்லாம் ஒரே வருஷத்துல வெடிச்சுத் திரும்பி வந்துச்சு. இது ஒண்ணு மட்டும் சாகவே இல்ல. அதனால வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன்."

"இதைச் சோதிச்சவங்க யாரு?"

"எவளோ ஒருத்தி. சோம்பேறி. சூட்டறைக்குள்ள போய்த் தூங்கி, செத்து, எங்க பேரையும்..."

ட்டீ.

அவர் வாய் மூடிக்கொண்டது.

திரையில் முப்பத்தேழு, நாற்பத்தொன்றாக மாறியது.

அதே நொடியில் வெளியே காற்று மோதி ஜன்னல் சட்டங்கள் கிடுகிடுத்தன. விளக்கு அணைந்தது. ஏ.சி. பெருமூச்சு விட்டு நின்றது. சந்து முழுக்க மின்சாரம் போய்விட்டதை ஜன்னல் வழியே பார்த்தாள். புயல் மேகத்தின் பழுப்பு வெளிச்சம் மட்டும் மிச்சம்.

திரை அணையவில்லை. அந்த நீல வெளிச்சம் பெரியவரின் முகத்தில் விழுந்தது.

அவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார். கதவு சாத்தியிருந்தது. அது சாத்திய சத்தம் இருவருக்குமே கேட்கவில்லை. கைப்பிடியைப் பற்றியவர் அலறிக்கொண்டு கையை உதறினார். உள்ளங்கைத் தோல் வெள்ளையாக வெந்திருந்தது.

"திற! நீ திற!"

ஹுய்லான் அசையவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் பயம் இருந்தது. ஆனால் பதின்மூன்று வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அந்தப் பயத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.

"அவங்க தூங்கவா உள்ள போனாங்க?"

"நீ யாரு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. தூங்கவா போனாங்க?"

"ஆமா. விசாரணையே நடந்து..."

ட்டீ-டூ.

நாற்பத்தெட்டு.

அறையின் காற்று கனத்தது. சுவரிலிருந்து சூடு வந்தது, ஜன்னல் கண்ணாடியிலிருந்து வந்தது, தரையிலிருந்து கால் வழியே ஏறியது. பெரியவரின் சாயம் போட்ட முடியிலிருந்து கறுப்பாக ஒரு துளி நெற்றியில் வழிந்தது.

ஹுய்லானுக்கு மட்டும் வேர்க்கவில்லை.

அதை அவர் கவனித்துவிட்டார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றி, கண், மோவாய் என்று பார்த்துக்கொண்டே வந்தார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ருன்மெய்யோட பொண்ணு" என்றார், மூச்சுக்குள்.

இந்த மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆவி திரும்பிப் பார்க்கும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

திரை ஒருமுறை சிமிட்டியது.

"அம்மா தூங்கப் போகல" என்றாள் ஹுய்லான். "சொல்லுங்க. அதுக்குத் தெரியும். நீங்க பொய் சொன்னா அதுக்குத் தெரியுது."

"சொன்னா அணைஞ்சிடுமா?"

அவள் திரையைக் காட்டினாள். அவர் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். நனைந்த இடம் உடனே காய்ந்தது.

"முத்திரை குத்துன்னேன். குத்த மாட்டேன்னா. கெப்பாசிட்டர் மட்டம், சூட்டுல வெடிக்கும், என் பேரைப் போட மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னா. பொங்கி வந்துச்சு எனக்கு. புது வருஷத்துக்கு முன்னாடி கப்பல் ஏத்தணும். 'வெடிக்கும்கிறியே, உள்ள போய் உக்காந்து எது வெடிக்குதுன்னு பார்த்துட்டு வா'ன்னேன். போனா. தாழ்ப்பாளை நான்தான் போட்டேன். பயமுறுத்தத்தான். சத்தியமா, பயமுறுத்த மட்டும்தான்."

"சூட்டைக் கூட்டுனது யாரு?"

"மெஷின் தானா..."

ட்டீ-டூ, ட்டீ-டூ.

"நான்! நான்தான் கூட்டுனேன்!"

சத்தம் நிற்கவில்லை. முதலில் பெட்டிக்குள்ளிருந்து மட்டும் வந்த அழுகை, இப்போது சுவருக்குள்ளிருந்தும் வந்தது. ஒன்று, பத்து, எண்ண முடியாத அளவுக்கு. அந்த வீட்டுக்குள் அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள் இருப்பதைப் போல, எல்லாமே சுடுகிறது, அணை, சுடுகிறது, அணை என்று ஒன்றாகக் கதறின. அம்மாவின் காதில் கடைசியாக விழுந்தது இதுதான் என்பது ஹுய்லானுக்குப் புரிந்தது. அவளைச் சுற்றியிருந்த அத்தனை பெட்டிகளும் அவளுக்காக உதவி கேட்டுக் கத்தியிருக்கின்றன.

"விருந்துக்குப் போனப்போ அம்மா உள்ள இருக்கறது ஞாபகம் இருந்துச்சா?" அந்த இரைச்சலில் அவள் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மறந்துட்டேன். குடிச்சிருந்தேன், மறந்..."

எழுபது.

மேசையிலிருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மெதுவாக வளைந்து, தலை கவிழ்ந்தது.

"இல்ல! இல்ல! ஞாபகம் இருந்துச்சு!" அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "மேசைக்குக் கோழி வந்துச்சு. கோழித் தலை யாரைப் பார்க்குதோ அவங்களுக்கு வேலை போச்சுன்னு விளையாடுவோமில்ல? நான் தட்டைத் திருப்பி, அவளோட காலி நாற்காலியைப் பார்க்க வச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்துல டைரக்டர் சியூ. அவன் காதுல சொன்னேன், உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன், ஒரு ஓட்டம் ஓடிப்போய்த் திறந்துட்டு வரட்டுமான்னு. 'கிடக்கட்டும்யா, சூப் ஆறிடும், குடி'ன்னான். குடிச்சேன். ரெண்டு பேரும் குடிச்சோம்."

சொல்லி முடித்துவிட்டு அவர் அழுதார். கண்ணீர் கன்னத்தில் பாதி வழியிலேயே வற்றி, உப்புக் கோடாக நின்றது.

"அவ செத்தப்புறம் அவ முத்திரையை எடுத்து நானே எல்லாத்துலயும் குத்தி அனுப்பினேன். எல்லாம் சொல்லிட்டேன். ஒண்ணுகூட மறைக்கல. இப்ப அணைம்மா. உங்கம்மாகிட்ட சொல்லு."

சத்தம் நின்றது.

முழு அமைதி. வெளியே புயல்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

பெரியவர் நம்பிக்கையோடு தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார்.

எழுபத்தொன்று.

எழுபத்திரண்டு.

கதவு திறந்தது. ஓர் ஆள் ஒருக்களித்து வெளியே போகும் அளவுக்கு மட்டும்.

அந்த இடைவெளியில் மழையின் குளிர்ந்த காற்று வந்து ஹுய்லானின் முகத்தைத் தொட்டது. பின்னாலிருந்து யாரோ தோளில் கைவைத்து மெல்ல நெட்டித் தள்ளியதுபோல் அவள் நடந்தாள். பெரியவர் நாற்காலியிலிருந்து பாய்ந்து வந்தது காலடி ஓசையில் தெரிந்தது. அவள் வெளியே காலெடுத்து வைத்ததும், அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.

"திற! அம்மா! தாயே! திற!"

உள்ளிருந்து குத்தினார். பிறகு நகத்தால் பிறாண்டினார்.

ஹுய்லான் அப்படியே நின்றாள். உள்ளே சாவது அம்மாவைக் கொன்றவன். உள்ளே சாவது ஒரு கிழவன். இரண்டும் அவளுக்குத் தெரிந்தது. அவள் கெட்டவள் இல்லை. தன்னையறியாமல் கை கைப்பிடிக்குப் போயிற்று.

இந்தப் பக்கத்தில் அது சுடவில்லை. பூட்டியும் இருக்கவில்லை. லேசாகத் திருகினால் போதும்.

திருகப் போனாள்.

அப்போது அவள் கைமேல் இன்னொரு கை படிந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் உள்ளங்கையின் கதகதப்பும், ஈயக் கம்பி சுட்டுச் சுட்டுக் காய்த்துப்போன விரல் நுனிகளும் துல்லியமாகத் தெரிந்தன. சூடான பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தையின் விரலைப் பிரிப்பதுபோல, அந்தக் கை அவளுடைய விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது.

"அம்மா" என்றாள் ஹுய்லான்.

அவள் நெற்றிக்கு நேராக யாரோ மெல்ல ஊதினார்கள்.

அதற்குப் பிறகு அவள் கீழ்ப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மேலே பிறாண்டும் சத்தம் குறைந்து, நின்றுபோனது. மழை கொட்டித் தீர்த்தது. மின்சாரம் திரும்பி வந்து, மாடியில் ஏ.சி. இரையத் தொடங்கிய பிறகுதான் போலீஸுக்குப் போன் செய்தாள்.

அவர்கள் வந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. அறை ஜில்லென்றிருந்தது. லியாவ் கதவோரத்தில் மடங்கிக் கிடந்தார். உதடு வெடித்து, தோல் காய்ந்த இலைபோல் ஒட்டிப்போயிருந்தது. கொளுத்தும் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தவரின் உடம்பு என்றார் மருத்துவர். சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே கொட்டிய மழையைப் பார்த்தார். அறிக்கையில் இதயம் நின்றது என்று எழுதினார்.

மூலையிலிருந்த கம்ப்யூட்டர் செத்திருந்தது. போலீஸ்காரர் பிளக்கைச் செருகிப் பட்டனை அமுக்கிப் பார்த்தார். முனகல்கூட இல்லை. இது ஓடியிருக்க வாய்ப்பே இல்லையே என்று ஹுய்லானைக் கேட்டார்.

"இல்ல சார்" என்றாள் அவள். "வாய்ப்பே இல்ல."

லியாவ் சொன்னதை மட்டும் சொன்னாள். தாழ்ப்பாள், சூடு, கோழி, சூப். போலீஸ்காரர் கவனமாகக் கேட்டார். செத்தவர் வாக்குமூலத்துக்குச் சாட்சி யார் என்றார். சியூவைக் கேளுங்கள் என்றாள். கேட்டார்களாம். அப்படியொரு பேச்சே நடக்கவில்லை, லியாவுக்குக் கடைசி காலத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் சொல்லியனுப்பினாராம்.

புயலடித்த அந்த இரவிலேயே ஹுய்லான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "அவ தூங்கல" என்று மட்டும் சொன்னார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவின் படத்தை நேருக்கு நேராகப் பார்த்தார்.

ஏழாம் மாதத்தில் அடக்கம் செய்யக்கூடாது என்பதால், லியாவின் இறுதிச் சடங்கு மாதம் கழிந்தபின் நடந்தது. குளிரைக் கொண்டுவரும் வடகிழக்குக் காற்று தொடங்கியிருந்தது. சவமண்டபத்தில் ஏ.சி.யும் ஓடியதால், வந்தவர்கள் கோட்டையும் சால்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைப் பூவளையங்களுக்கு நடுவே லியாவின் படம் நிமிர்ந்த நெஞ்சோடு சிரித்தது. பழைய தொழிற்சாலை ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள்.

ஹுய்லான் கடைசி வரிசையில் நின்றாள். ஊதுவத்தி ஏற்ற அவள் வரவில்லை. சியூ என்ற ஆளின் முகத்தைப் பார்க்க வந்திருந்தாள்.

முன்வரிசையில் இருந்தார் அவர். பருத்த உடம்பு, கறுப்புக் கோட்டு, பக்கத்தில் மனைவி. துறவிகள் மணியைத் தட்டி ஓதத் தொடங்கியதும் கைகூப்பித் தலைகுனிந்தார். முகத்தில் பொருத்தமான அளவுக்குத் துக்கம் இருந்தது. ஹுய்லானால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. இவனை யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஏ.சி. போடலையா?"

சியூவின் குரல். பக்கத்தில் இருந்தவர், "ஓடிட்டுத்தானே இருக்கு சார், கையெல்லாம் விறைக்குது" என்றார் மெதுவாக.

சியூ கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். கோட்டைக் கழற்றியபோது முதுகுச் சட்டை தோலோடு ஒட்டியிருந்தது. ஓதல் ஒரு கணம் தடுமாறித் தொடர்ந்தது. அவர் எழுந்து நின்று, போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க யாருக்குமே வேர்க்கலையா?"

அவர் மனைவி, "காய்ச்சலா என்னங்க?" என்று எழுந்து அவர் நெற்றியில் கை வைத்தாள்.

வைத்த கையை, 'ஸ்ஸ்' என்று உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.